அடுத்த அணிக்கான விதியை எழுதும் முன்: இஸ்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

இஸ்ரோ தலைவர் அவர்களுக்கும் விண்வெளி வீரர் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

இந்தியரை நம் கலத்திலேயே விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான நான்கு பேரின் பெயர் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டது. நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள், அதாவது புதிய விமானங்களை ஓட்டிச் சோதிப்பவர்கள். நால்வரும் ஆண்கள். அவர்களுடைய தகுதியில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய்த் திரும்பிவிட்டார். நான் கேட்க வந்தது அடுத்த அணியைப் பற்றி. அந்த அணிக்கான தகுதி விதியில் கையெழுத்துப் போடும் முன், அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் பதின்மூன்று பெண்களுக்கு நடந்ததை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அமெரிக்கரை முதன்முதலில் விண்ணுக்கு அனுப்பிய நாசாவின் மெர்க்குரி திட்டத்துக்கு ஆண்களைச் சோதித்துத் தந்த மருத்துவர் ராண்டி லவ்லேஸ், பெண்களின் உடல் இதைத் தாங்குமா என்று அறிய விரும்பினார். நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் இருந்த அவரது மருத்துவமனைக்கு 1960 பிப்ரவரியில் ஜெர்ரி காப் என்ற பெண் விமானி வந்தார். வயது 28, வானில் இருந்த நேரம் 7,000 மணிக்கு மேல். ஆண்களுக்கு வைத்த அதே சோதனைகள்தான். காதுக்குள் பனிக்குளிர் நீரைப் பாய்ச்சித் தலைசுற்ற வைத்து, கண் எப்போது நிலைக்கு வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். வயிற்று அமிலத்தை எடுக்க நீளமான ரப்பர் குழாயை விழுங்கச் சொன்னார்கள். கை நரம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள், மூச்சு முட்டும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். காப் தேறினார். அவருக்குப் பின் வந்த விமானி பெண்களில் இன்னும் பன்னிரண்டு பேர் தேறினார்கள்.

தனிமைச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒக்லஹோமா சிட்டியில் ஒரு தொட்டி. உடல் சூட்டிலேயே நீர், கும்மிருட்டு, சத்தமே கிடையாது. அதில் காப் 9 மணி 40 நிமிடம் மிதந்தார். வாலி ஃபங்க் என்ற இளம்பெண் 10 மணி 35 நிமிடம் இருந்தார். மெர்க்குரிக்குத் தேர்வான ஆண்களில் ஒருவரான ஜான் க்ளென்னுக்கு வைத்த தனிமைச் சோதனையில் ஓர் அறை, ஒரு மேசை, எழுதத் தாள், பென்சில் எல்லாம் இருந்தன. சுமார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர் கவிதை எழுதிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த கட்டச் சோதனை ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்படைத் தளத்தில், 1961 செப்டம்பரில் நடப்பதாக இருந்தது. அதற்கு விடுப்பு கிடைக்காமல் சிலர் வேலையையே விட்டார்கள். பல்கலைக்கழகத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜீன் நோரா ஸ்டம்போ அவர்களில் ஒருவர், பொறியாளர் சாரா கோர்லிக் இன்னொருவர். சில நாள் முன்னால் தந்தி வந்தது: ரத்து. நாசா கேட்டால்தான் கடற்படை தளத்தைத் திறக்கும். நாசா கேட்கவில்லை. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை உருவிய கதைதான். ஆனால் உருவியது யார் என்று ஒரு விரலை நீட்ட முடியாது. லவ்லேஸின் சோதனை தனியார் முயற்சி, செலவைக் கொடுத்தது ஜாக்குலின் காக்ரன் என்ற விமானியும் அவர் கணவரும். நாசா எதையும் மறுக்கவே தேவைப்படவில்லை. எங்கள் திட்டமே இல்லை என்று சொன்னால் போதும்.

1962 ஜூலை 17, 18 தேதிகளில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. காப்பும், பதின்மூவரில் ஒருவரான ஜேனி ஹார்ட்டும் பேசினார்கள். ஹார்ட் எட்டுப் பிள்ளைகளுக்குத் தாய், ஹெலிகாப்டர் ஓட்டுபவர், ஒரு செனட்டரின் மனைவி. செலவைக் கொடுத்த காக்ரனே அவசரம் வேண்டாம் என்று எதிராகச் சாட்சி சொன்னார். கல்யாணம் ஆனால் பெண்கள் விட்டுப் போய்விடுவார்கள், பயிற்சிச் செலவு வீண் என்பது அவர் வாதம். மறுநாள் நாசா தரப்பில் க்ளென்னும் இன்னொரு மெர்க்குரி வீரரான ஸ்காட் கார்பென்டரும் வந்தார்கள். போருக்குப் போவதும் விமானங்களை ஓட்டுவதும் திரும்பி வந்து அவற்றைச் சோதிப்பதும் ஆண்கள்தான், பெண்கள் இந்தத் துறையில் இல்லை என்பது நம் சமூக அமைப்பின் உண்மை என்றார் க்ளென். இரண்டாம் உலகப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ராணுவ விமானங்களை ஓட்டியிருந்தார்கள். பதின்மூவரில் ஜீன் ஹிக்சன் அந்தப் பெண் விமானிகள் படையில் இருந்தவரே.

அங்கே எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் ஒரே ஒரு விதி: விண்வெளி வீரர் ஜெட் சோதனை விமானியாக இருக்க வேண்டும். 'பெண் கூடாது' என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் சோதனை விமானிப் பள்ளிகள் ராணுவத்தில் இருந்தன, ராணுவம் அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. அதே விதியில் பட்டப்படிப்பும் உண்டு. அன்று சாட்சி சொன்ன க்ளென், கார்பென்டர் இருவருமே தேர்வானபோது பட்டம் முடிக்காதவர்கள்! அவர்களுக்கு அந்த வரி வளைந்து கொடுத்தது.

நியாயமாகச் சொல்வதானால், பெண்களை விலக்குவதற்காக அந்த விதி எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 1958 கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவச் சோதனை விமானிகளிலிருந்தே எடுக்கலாம் என்று முடிவு செய்தார். அவர்களுடைய பதிவேடுகள் கையில் இருந்தன, ரகசியம் காக்கப் பழகியவர்கள், வேலை சீக்கிரம் முடியும். வசதிக்காகப் போட்ட விதிதான். ஆனால் 1962 மார்ச்சில், பெண் என்பதற்காகத் தகுதி மறுக்கப்படுகிறதா என்று நாசாவைக் கேட்கும் ஒரு சாதுவான கடிதம் துணை அதிபர் லிண்டன் ஜான்சனின் கையெழுத்துக்கு வந்தபோது, "இதை இப்போதே நிறுத்துவோம்" என்று அதன்மேல் எழுதிக் கோப்பில் போடச் சொன்னார். அது வசதி அல்ல. அந்தத் தாள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

சோவியத் தரப்பு வேறு மாதிரி யோசித்தது. வோஸ்டாக் கலம் பெரும்பாலும் தானாக இயங்கும்; இறங்கும்போது ஆள் வெளியே குதித்துப் பாராசூட்டில் வர வேண்டும். ஆகவே பாராசூட் தெரிந்த பெண்களைத் தேடினார்கள். நெசவாலைத் தொழிலாளி வாலென்டினா தெரஷ்கோவா 1963 ஜூன் 16 அன்று பறந்தார். அவரோடு பயிற்சி பெற்ற சொலோவ்யோவா, பொனமர்யோவா, யோர்கினா, குஸ்னெட்சோவா ஆகிய நால்வரும் பறக்கவே இல்லை. 1969-இல் அந்த அணியையே கலைத்தார்கள். தெரஷ்கோவாவுக்குப் பின் அடுத்த சோவியத் பெண் மேலே போக 19 ஆண்டு ஆனது. தலைப்புச் செய்திக்கு ஒரு பெண் போதும் என்று நினைத்தால் இப்படித்தான் முடியும்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். 2023-இல் அப்போதைய தலைவர் சோமநாத், பெண் சோதனை விமானிகள் இப்போது இல்லை, வந்தால் அது ஒரு வழி, விஞ்ஞானிகளை எடுப்பது இன்னொரு வழி என்ற பொருளில் பேசினார். இரண்டாவது பாதி எனக்குப் பிடித்திருந்தது. முதல் பாதியில் க்ளென்னின் குரல் கேட்டது. நம் விமானப்படையில் போர் விமானம் ஓட்டப் பெண்கள் வந்ததே 2016-இல்தான். பெங்களூரில் ஒரு பெண் அதிகாரி விமானச் சோதனைப் பொறியாளராகத் தேறியது 2021-இல். அந்த வரிசை நீள்வதற்காக விண்வெளி காத்திருக்க வேண்டுமா? இதற்கிடையில் ஆளில்லாப் பயணத்துக்கு வியோமித்ரா என்று ஒரு பெண் ரோபோவைச் செய்து வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு மட்டும் சோதனை விமானிச் சான்றிதழ் கேட்கவில்லை போலிருக்கிறது.

முதல் பயணத்துக்குச் சோதனை விமானிகளை அனுப்புவது புரிகிறது. புதிய கலம், எது எப்படிப் போகும் என்று தெரியாது. இரண்டாம், மூன்றாம் பயணங்களுக்கு அந்த நியாயம் செல்லாது. 400 கிலோமீட்டர் உயரம், சில நாள், கடலில் இறக்கம். இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதிலிருந்து விதியை எழுதுங்கள். மருத்துவர், பொறியாளர், பொருளறிவியல் ஆராய்ச்சியாளர் எல்லாம் விண்ணப்பிக்கும்படி அறிவிப்பு வரட்டும். சோதனை விமானி தேவை என்று எந்த இருக்கைக்கு நினைக்கிறீர்களோ, அந்த இருக்கைக்கு மட்டும் காரணத்தோடு எழுதுங்கள்.

இன்னொன்று. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்நடை போவதை நாசா தள்ளிவைத்தது. அளவான உடை இரண்டு தயாராக இல்லை. ஆகவே இருக்கை, உடை, கழிப்பறை வசதி ஆகியவற்றின் அளவுகளைப் பெண் உடல்களிலும் இப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்த அறிவிப்பில் உயரம், எடை வரம்பைப் போடும்போது, அது எந்த அளவுகளை வைத்து முடிவானது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். படித்துப் பார்க்க நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடிமகள்