லூசியா ஹாரிஸுக்கும் இடம் கொடுங்கள்

ஐயா,

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பற்றிய 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடரை 'முழுமையான சித்திரம்' என்று புகழ்ந்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2020-இல் வந்த அந்தத் தொடர் விறுவிறுப்பானதுதான், சரி. ஆனால் பத்துப் பகுதிகள் ஓடும் அதில், 17 ஆண்டுகள் ஜோர்டானின் மனைவியாக இருந்த வானிட்டாவின் பேட்டி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளும் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டுகிறார்கள். இதை எப்படி முழுமை என்பது?

முழுமைக்கு வேறொரு படத்தைச் சொல்கிறேன். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவர், மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பெண் லூசியா ஹாரிஸ். மறு ஆண்டே நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் அணி அவரைத் தேர்வு செய்தது. அவரைப் பற்றிய 'தி குயின் ஆஃப் பாஸ்கெட்பால்' என்ற ஆவணக் குறும்படம் ஓடுவது வெறும் 22 நிமிடம். ஆனாலும் அதில் வாய்விட்டுச் சிரித்தபடி தன் கதையை அவரே சொல்கிறார். 2022-இல் ஆஸ்கரும் வாங்கிய படம். பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து பயிற்சி அளிக்கிறேன். ஜோர்டானின் பனியன் எண் 23 என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஹாரிஸ் பெயரை ஒருத்திகூடக் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில் இந்தப் படத்தையும் அறிமுகப்படுத்துங்கள்.

— ஒரு வாசகர், திருச்சி