ஹாப்ஸ் ஆகாது என்று சொன்ன செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

போனில் நீ சொன்னதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. மினியாபொலிஸ் வந்து இறங்கிய கையோடு ஆபீஸ் ஆள் ஒருத்தர் உன்னை வெளியே கூட்டிப்போய் டபுள் ஐபிஏ என்கிற கடும் கசப்பு பீர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார், நீயும் மரியாதைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்து முடித்துவிட்டு, 'இவனுங்க பீர் எல்லாம் கஷாயம்டா, ஹாப்ஸ்னாலே எனக்கு ஆகாது' என்று, பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற அந்தப் பூவுக்கே தீர்ப்பு எழுதிவிட்டாய். வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் இங்கே போடுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் உன் பெயரைப் போட்டு எழுதினால் படித்துத்தானே ஆகவேண்டும்.

எதிரே நின்று ஈடுகொடுக்கும் அளவுக்கு மால்ட், அதாவது பீருக்கு இனிப்பும் நிறமும் தருகிற முளைகட்டிய பார்லி, இல்லாத பீரைக் குடித்துவிட்டு நீ ஹாப்ஸைத் திட்டுகிறாய், அவ்வளவுதான் விஷயம். இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கிற வகை ஒன்று இருக்கிறது: அமெரிக்கன் பிரவுன் ஏல், அதிலும் ஹாப்ஸைக் கொஞ்சம் கைதாராளமாகப் போட்டது. ஹாப்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் இதை ஒரு தடவை குடித்துப் பார்.

இங்கே மிச்சிகனில் எங்கள் ஊரில் சின்ன ப்ரூவரி ஒன்று இலையுதிர் காலத்தில் மட்டும் இப்படி ஒன்று போடுகிறது. பெயர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஊர் எல்லையைத் தாண்டி அது போவதில்லை. டின்னில் 6.1 சதவீதம் ஆல்கஹால் என்றும், கேஸ்கேட், சென்டெனியல் என்று இரண்டு ஹாப்ஸ் பெயரும் போட்டிருந்தது. வாய் அகன்ற டியூலிப் கிளாஸில் ஊற்றினேன். தயவுசெய்து நீ டின்னோடு வாயில் கவிழ்க்காதே, இந்தப் பீரில் பாதி விஷயம் மூக்குக்குத்தான். நல்ல அடர்ந்த பழுப்பு நிறம், மேஜையில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட கறுப்பு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு தெரிகிறது. கலங்கல் இல்லை. நுரையும் வெள்ளை இல்லை, லேசாகப் பழுப்பு ஏறிய நுரை, ஒரு விரல் கனத்துக்கு நின்று, குடிக்கக் குடிக்க கிளாஸின் உள்பக்கத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்கியது.

முதலில் மூக்குக்கு வருவது ஹாப்ஸ். கிரேப்ஃப்ரூட் தோலைக் கிள்ளினால் தெறிக்கிற அந்த எண்ணெய் வாசனை, அதற்குப் பின்னால் கொஞ்சம் பைன் மரப் பிசின். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் ஐபிஏ என்று நினைத்து நீ கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவாய். தள்ளி வைத்தாலும் நல்லதுதான், ஏனென்றால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முகர்ந்தால் மால்ட் மேலே வந்திருக்கும்: நன்றாகச் சிவந்த டோஸ்ட்டின் ஓரம், காய்ச்சிய சர்க்கரை, இனிப்பில்லாத கோகோ. சாக்லேட் எதுவும் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பாய். முளைகட்டிய பார்லியை 200 டிகிரிக்கு மேல் வறுத்து எடுப்பதற்கு சாக்லேட் மால்ட் என்று பெயர், நிறமும் அந்த மணமும் அதிலிருந்து வருபவை. காய்ச்சிய சர்க்கரை மாதிரி வருவது கிரிஸ்டல் மால்ட்டின் வேலை. ஈரம் காயும் முன்பே சூடு காட்டி, தானியத்துக்கு உள்ளேயே சர்க்கரை உருவாகிக் கெட்டிப்படும்படி செய்த மால்ட் அது.

இப்போது வாய்க்கு. முதல் மடக்கில் இனிப்பு முன்னால் வருகிறது, ஆனால் சர்க்கரை இனிப்பாக இல்லாமல் ரொட்டியின் மேலோட்டை மெல்ல மெல்லக் கடைசியில் வருமே, அந்த அளவுக்குத்தான். நடு நாக்கில் வறுத்த கொட்டையின் சுவை, கொஞ்சம் காபி. அப்புறம்தான் கசப்பு வருகிறது, அதுவும் ஒரு கசப்பு இல்லை, இரண்டு. ஒன்று வறுத்த மால்ட்டின் கசப்பு, நாக்கின் மேல் உலர்ந்து நிற்பது. இன்னொன்று ஹாப்ஸின் கசப்பு, தொண்டைப் பக்கம் போய்ப் பழத்தோல் வாசனையோடு நெடுநேரம் தங்குவது. இந்த வகையே இந்த இரண்டு கசப்பும் எப்படி ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன என்பதில்தான் இருக்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் சாம்பலை நக்கியது போல ஆகிவிடும், அப்படிப்பட்ட பிரவுன் ஏல்களும் ஊரில் நிறைய உண்டு. இவர்கள் போட்டதில் வறுத்த மால்ட்டின் அளவு குறைவு, நிறத்துக்கும் கோகோ மணத்துக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஹாப்ஸையும் பெரும்பாலும் கடைசியில்தான் போட்டிருக்கவேண்டும், நாக்குக்கே தெரிகிறது.

அது எப்படி நாக்குக்குத் தெரியும் என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கிற மால்ட் சாற்றில் வடிவம் மாறினால்தான் பீரில் கரைந்து கசப்பைக் கொடுக்கும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு நன்றாக இறங்கிவிடும், ஆனால் அந்த கிரேப்ஃப்ரூட், பைன் எல்லாம் சீக்கிரம் ஆவியாகிற எண்ணெய்களில் இருப்பவை, அத்தனையும் ஆவியோடு போய்ச் சேர்ந்துவிடும். அடுப்பை அணைக்கிற நேரத்தில் போட்டாலோ, பீர் புளித்து முடிந்த பிறகு பச்சையாகவே போட்டு ஊறவைத்தாலோ, மணம் நிற்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. மணம் இவ்வளவு தூக்கலாக இருந்தும் கசப்பு அடக்கி வாசித்தால் ஹாப்ஸ் கடைசியில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் போட்டிகளுக்கு நடுவர்கள் வைத்திருக்கும் வழிகாட்டியில் இந்த வகைக்குக் கசப்பு அளவு 20 முதல் 30 ஐபியு என்று இருக்கிறது, நீ குடித்த டபுள் ஐபிஏவுக்கு 60இல் தொடங்கி 100 வரை. ஹாப்ஸ் ரொம்ப ஏறிவிட்டால் 'பிரவுன் ஐபிஏ' என்று தனிப்பந்தியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர் அந்தப் பந்திக்கு வெளியே வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்.

இதெல்லாம் எப்போது தெரியும் என்றால், பீர் கொஞ்சம் சூடு ஏறிய பிறகு. இந்த இடத்தில்தான் உன்னோடு சண்டை வரப்போகிறது. 'கூலிங் இருக்கா' என்று கேட்டே டாஸ்மாக் வாசலில் வளர்ந்தவர்கள் நாம், சென்னை வெயிலுக்கும் அந்த ஸ்ட்ராங் பீருக்கும் அது சரிதான், அங்கே ஜில்லென்று இருப்பதுதான் சுவையே. இதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, சரி, எடுத்த குளிரோடு குடித்தால் மால்ட் வாயையே திறக்காது, கசப்பு மட்டும்தான் பேசும், நீயும் பழையபடி கஷாயம் என்பாய். கிளாஸில் ஊற்றி ஒரு கால் மணி நேரம் சும்மா வை. 10, 12 டிகிரிக்கு வந்தபோது எனக்கு அந்த டோஸ்ட்டும் கோகோவும் பாதிக்கு மேல் தூக்கிக் கொடுத்தன, கிரேப்ஃப்ரூட் பின்னால் போய் நின்றுகொண்டது. கடைசி இரண்டு மடக்குதான் இருப்பதிலேயே நன்றாக இருந்தது, ஒரு பீரைப் பற்றி நான் அடிக்கடி சொல்கிற வார்த்தை இல்லை இது.

குறை சொல்ல ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. பீரின் உடம்பு, அதாவது வாயில் உணர்கிற கனம், இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாம். நடுவில் ஓர் இடத்தில் தண்ணீராகிவிட்ட மாதிரி ஒரு சந்தேகம் வந்துபோகிறது. கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்திருந்தால் அது சரியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பீரின் பூர்வீகம் இங்கிலாந்து. நியூகாசில் பிரவுன் ஏல் 1927இல் வந்தது, நாம் ஏர்போர்ட்டுகளில் பார்த்த அதே தெள்ளிய கண்ணாடி பாட்டில். அந்த ஊர் பிரவுன் ஏலில் மால்ட்தான் எல்லாம், ஹாப்ஸ் பெயருக்கு. அமெரிக்காவில் மதுவிலக்கு போன பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றமாகவே இருந்தது, 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்த பிறகுதான் அது விடுபட்டது. ஓரிகனில் அரசு ஆராய்ச்சித் திட்டத்தில் உருவான கேஸ்கேட் 1972லேயே வெளியாகிவிட்டிருந்தது. ஆக, கையில் பானையும் இருக்கிறது, உள்ளூர் ஹாப்ஸும் இருக்கிறது, கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் வீட்டில் காய்ச்சியவர்கள் இங்கிலாந்து பிரவுன் ஏலில் இதை அள்ளிப் போட்டுவிட்டார்கள். டெக்சாஸ் பிரவுன் என்றே ஒரு பெயர் கொஞ்ச காலம் நடமாடியது. அப்புறம் பீட் ஸ்லாஸ்பெர்க் என்று ஒருவர், சிலிகான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்தவர் (உன் ஜாதிதான்), சாமுவேல் ஸ்மித் கம்பெனியின் நட் பிரவுன் ஏல் மாதிரியே வீட்டில் செய்யப் பார்த்து, அது வேறு ஒன்றாக வந்து நிற்க, அந்த வேறு ஒன்றையே பீட்ஸ் விக்கெட் ஏல் என்று 1986இல் விற்க ஆரம்பித்தார். லேபிளில் அவர் வளர்த்த புல் டெரியர் நாயின் படம். அடுத்த வருஷமே பட் லைட் விளம்பரத்தில் அதே இன நாய் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட, இவர் தன் நாயை லேபிளிலிருந்து இறக்கவேண்டியதாயிற்று, எனக்கு அந்த நாய் மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் சிறிய ப்ரூவரிகள் வரிசையில் சாமுவேல் ஆடம்ஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தது இவர் கம்பெனி. 1998இல் விற்றுவிட்டார், 2011இல் அந்தப் பீரே நின்றுபோனது.

இன்றைக்கு இந்த வகை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் கிடக்கிறது. ஐபிஏ பைத்தியங்களுக்கு இதில் ஹாப்ஸ் போதாது, ஸ்டவ்ட் குடிப்பவர்களுக்கு இதில் கறுப்பு போதாது, உன்னைப் போன்ற லாகர் ஆட்களுக்கு நிறத்தைப் பார்த்தாலே பயம். விற்காமல் கிடப்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: ஹாப்ஸ் மணம் இரண்டு மூன்று மாதத்தில் மங்க ஆரம்பித்துவிடும், பிரவுன் ஏல் என்பதால் கடைக்காரரும் அதைக் கண்டுகொள்வதில்லை. போன வருஷம் இங்கே ஒரு கடையில் இதே வகையில் ஒரு பாட்டில் வாங்கினேன், திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. காற்றுப்பட்டுப் பழசாகிப்போன பீருக்கு அதுதான் அடையாளம். தேதியைப் பார்க்காமல் விற்றதற்கு அந்தக் கடைக்காரரிடம் சொன்னால், 'டார்க் பீர் கெட்டுப்போகாது' என்றார். கெடும். டின்னின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்த தேதி இருக்கும், கவிழ்த்துப் பார்த்து வாங்கு.

உன் ஊரில் சூப்பர்மார்க்கெட்டில் தேடாதே, மினசோட்டாவில் அங்கே வைப்பது வலுக்குறைந்த 3.2 சதவீத பீர் மட்டும்தான், இதற்குத் தனியாக மதுக்கடைக்குத்தான் போகவேண்டும். சர்லி என்று உள்ளூர் ப்ரூவரி ஒன்று 2006இல் முதன்முதலில் கொண்டுவந்த இரண்டு பீர்களில் ஒன்று பெண்டர், ஓட்ஸ் சேர்த்த பிரவுன் ஏல். கண்ணில் பட்டால் விடாதே, நான் மேலே புலம்பிய அந்த நடுப்பகுதித் தண்ணீர் அதில் கிடையாது. புரூக்ளின் பிரவுன் ஏல் கிடைத்தாலும் சரி. எங்கள் ஊர் பெல்ஸ் கம்பெனியின் பெஸ்ட் பிரவுன் நல்ல பீர்தான், ஆனால் ஹாப்ஸ் அடக்கம், உன் விஷயத்தில் அது இரண்டாவதாக வரட்டும். முதலில் ஹாப்ஸ் தெரிகிற ஒன்றைக் குடித்தால்தான் நான் சொல்வது விளங்கும்.

கூடச் சாப்பிட என்ன என்றால், கீதா செய்கிற மட்டன் சுக்கா. காரமும் ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்தால் ஒன்றையொன்று ஏற்றிவிடும், ஐபிஏவோடு சுக்கா தின்றால் நாக்கு எரிந்துபோகும், ஆனால் இதில் அந்த கேரமல் இனிப்பு நடுவில் புகுந்து மிளகைத் தணித்துவிடுகிறது. கறியின் கருகிய ஓரமும் வறுத்த மால்ட்டும் ஒன்றுக்கொன்று நன்றாக ஒத்துப்போகும். எண்ணெய் அதிகம் விட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே.

நாலு டின் வாங்கினால் போதும். 6 சதவீதம் என்பதை மறக்காதே, வண்டியை வீட்டில் விட்டுவிட்டு உட்கார். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வை, உன் ஊர்க் குளிர் சும்மாதானே கிடைக்கிறது என்று காரேஜில் அடுக்கிவிடாதே, ஜனவரியில் உறைந்து டின் வெடித்தால் காரேஜ் முழுக்கக் கழுவவேண்டும். குடித்துவிட்டு போன் பண்ணு, கட்டைவிரல் அனுப்பினால் கணக்கில் சேராது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்