பத்து மணிக்குத் தூக்கும் பலகை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தலைக்குக் குளிக்க அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். வீட்டில் அவளுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. மாடிப்படி ஏறுகிறாள். கீழே உட்காரத்தான் முடியவில்லை.

உன் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், ரயில் படுக்கைப் பெட்டி செய்த கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய புல்மன் ஊரைச் சிகாகோவில் பார்த்துவிட்டு வந்து நாலு பக்கம் எழுதியிருந்தாய். அதை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். எதிரெதிர் இருக்கைகள் இரண்டையும் இழுத்து ஒட்டினால் கீழ்ப் படுக்கை, கூரை ஓரம் மடங்கிக் கிடப்பதை இறக்கினால் மேல் படுக்கை, பகலில் மெத்தையும் போர்வையும் அந்த மேல் பலகைக்குள்ளேயே மறைந்திருக்கும் என்று படம் போட்டு விளக்கியிருந்தாயே, அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 1864-ல் ஜார்ஜ் புல்மன் காப்புரிமை வாங்கியபோது நம் நாட்டில் ரயில் ஓட ஆரம்பித்துப் பத்துப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. பகலில் உட்காரும் இடமே ராத்திரி படுக்கும் இடமாக வேண்டும் என்பதற்காக ஒருவர் அப்போதே இவ்வளவு யோசித்திருக்கிறார்.

ஆனால் நீ எழுதியதில் எனக்கு மனதை விட்டுப் போகாதது போர்ட்டர்களின் கதைதான். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின ஆண்களைத் தேடி வேலைக்கு வைத்தார்கள். ராத்திரி அந்தப் படுக்கைகளை விரித்து, திரை கட்டி, விடிந்ததும் மறுபடி இருக்கையாக்குவது அவர்கள் பாடு. முதலாளியின் பெயர் ஜார்ஜ் என்பதால் அவர்கள் எல்லோரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள் என்பதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. தாய் தகப்பன் வைத்த பெயர் அந்தப் பெட்டிக்குள் செல்லாது! 1925-ல் ரேண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்தும், கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் போட 1937 வரை போராட வேண்டியிருந்திருக்கிறது. ஊரெல்லாம் தூங்கும்போது விழித்திருந்தவர்களுக்குத் தங்கள் தூக்க நேரத்துக்காகவும் பேரம் பேச வேண்டிய நிலை.

இதையெல்லாம் படித்து முடித்த இரண்டாம் நாள் நாங்கள் திருநெல்வேலிக்கு ராத்திரி வண்டியில் கிளம்பினோம். சித்தப்பா மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. உன் கடிதம் மனதில் இருந்ததால், ஐம்பது வருடமாகப் பார்த்த அதே ஸ்லீப்பர் பெட்டியை அன்றைக்குப் புதிதாகப் பார்த்தேன். பலகையைத் தூக்குகிற வேலையை இங்கே யார் செய்கிறார்கள்? நாமேதான். முன்பின் தெரியாத எட்டுப் பேர், இப்போது தூக்கலாமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்கிறோம்.

அவளுக்கு 20, எனக்கு 21. நம் ஹாஸ்டல் கணக்கு நினைவிருக்கிறதா? நம்பரை எட்டால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். ஒன்றும் நாலும் வந்தால் லோயர், இரண்டும் ஐந்தும் மிடில், மூன்றும் ஆறும் அப்பர், ஏழு வந்தால் சைடு லோயர், மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்க்காமலேயே நீ பட்டென்று சொல்வாய். அன்றைக்கும் நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்து, அவளுக்கு லோயர் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பையைத் தூக்கினேன்.

மிடில் பெர்த்தைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். பகல் முழுக்க அது சாய்மானம். கீழே உட்கார்ந்திருக்கும் மூன்று பேரின் முதுகைத் தாங்கிக்கொண்டு சும்மா தொங்கும். ராத்திரி அதன் கீழ்விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மேல் பெர்த்திலிருந்து தொங்கும் சங்கிலிக் கொக்கியை இரண்டு பக்கமும் மாட்டினால் படுக்கை. தூக்கிய நிமிடத்திலிருந்து கீழே ஒருவராலும் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருவர் படுக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து மூன்று பேரும் படுத்தாக வேண்டும். ஒருவர் எழுந்து உட்கார ஆசைப்பட்டால் நடுவில் இருப்பவர் இறங்கியாக வேண்டும். உலகத்தில் வேறு எந்தக் கட்டிலுக்கும் இப்படி ஒரு நிபந்தனை இருக்குமா என்று தெரியவில்லை.

அதற்காகத்தான் நேரம் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒன்பது மணி. 2017-ல் அதை ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை என்று மாற்றினார்கள். நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் இவர்கள் கூடுதல் நேரம் படுத்திருக்கச் சக பயணிகள் இடம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் கடிகாரத்தைக் காட்டி யாரும் அதை நடத்துவதில்லை. அன்றைக்கு எங்கள் பகுதியில் 18-ஆம் நம்பர் மிடில் ஒரு கோவில்பட்டி அம்மாவுக்கு விழுந்திருந்தது. எழுபது வயது இருக்கும். அவருக்குக் கீழே 17-ல் ஒரு சின்னப் பெண், மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. அந்தப் பெண் எதுவும் கேட்க முடியாமல் அம்மாவைப் பார்க்கிறாள், அம்மா மேலே பலகையைப் பார்க்கிறார். 19-ல் இருந்த பையன் போட்டித் தேர்வுப் புத்தகத்தை மூடிவிட்டு, “பாட்டி, உங்களால ஏற முடியாது. அந்த அக்காவும் பிள்ளையை வச்சுக்கிட்டு ஏற முடியாது” என்று பொதுவாகச் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் என் வீட்டுக்காரி, “என் இடத்துல அவங்க படுக்கட்டும். நான் எப்படியாவது ஏறிக்கிறேன்” என்றாள். முழங்காலை வைத்துக்கொண்டு! நான் பதறிப் போனேன். கடைசியில் தீர்வு சைடில் இருந்து வந்தது. 24 சைடு அப்பரில் இருந்தவர் நாங்குநேரிப் பக்கம், கட்டட வேலைக்குச் சென்னை வந்துவிட்டு ஊர் திரும்புகிறவர். அவர் எழுந்து டி.டி.ஆரைத் தேடிப்போய், அடுத்த பகுதியில் ஒரு லோயர் காலியாகப் போவதாகக் கேட்டறிந்து, அந்த அம்மாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து 18-ஐ அவரும் அந்தப் பையனும் சேர்ந்து தூக்கினார்கள். “குழந்தைத் துணி, பால் பாட்டில் எல்லாம் அதுமேல வச்சுக்கம்மா” என்றார். கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பலகையையும் இழுத்துப் பார்த்தார்.

அந்தக் கொக்கி விஷயத்தில் நானும் கவனமாகத்தான் இருப்பேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வண்டியில் மிடில் பலகையின் ஒரு பக்கச் சங்கிலி மட்டும் கழன்று, கீழே படுத்திருந்த என் தோளில் இறங்கிவிட்டது. இரண்டு வாரம் கை தூக்க முடியவில்லை. இரண்டு கொக்கியும் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுப் படு. நீ தனியாகப் பயணம் செய்கிறவன், அதனால் சொல்கிறேன்.

23 சைடு லோயரில் இரண்டு பேர் ஆர்.ஏ.சி. ஒரே பலகையை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு இருக்கை. யாராவது ரத்து செய்தால் ஒருவருக்குப் படுக்கை கிடைக்கும். இல்லையென்றால் விடிய விடிய எதிரெதிரே உட்கார வேண்டும், டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டு. இது எனக்கு என்றைக்குமே நியாயமாகப் படவில்லை. உட்கார மட்டும் இடம் கொடுத்தால் உட்காரும் கட்டணம்தானே வாங்க வேண்டும்? ஆனால் அந்த இரண்டு பேரும், ஒருவர் கல்லூரி மாணவர், இன்னொருவர் ஐம்பது வயதுக்காரர், பதினொரு மணிக்கெல்லாம் சாய்மானங்களை மடக்கிப் போட்டு, ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால் வருகிற மாதிரி ஒருக்களித்துப் படுத்துவிட்டார்கள். சைடு லோயரில் அந்த இரண்டு மடிப்பும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் விழுமே, சரியாக இடுப்புக்குக் கீழே, அதில் பெரியவர் தன் துண்டை மடித்து வைத்தார். சில பெட்டிகளில் இப்போது அந்தப் பள்ளத்தை மூட மேலே இழுத்துப் போடும்படி நீளமாக ஒரே மெத்தைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதை யோசித்தவர் நிச்சயம் ஒரு ராத்திரியாவது சைடு லோயரில் படுத்திருப்பார்.

சைடில் மிடில் வைத்தார்களே, அது நினைவிருக்கிறதா? 2000களின் பிற்பகுதியில் 72 பேர் பெட்டியில் பகுதிக்கு ஒருவர் வீதம் சேர்த்து 81 ஆக்கினார்கள். நடுவில் படுத்தவருக்குப் புரள இடமில்லை, கீழே இருப்பவருக்குக் குனிந்தே உட்கார வேண்டிய நிலை. மக்கள் ஏசித் தீர்த்த பிறகு எடுத்துவிட்டார்கள். எதிர்ப் பக்கத்தில் மூன்று அடுக்கைப் பொறுத்துக்கொள்கிற ஜனங்கள் சைடில் ஏன் பொறுக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எதிர்ப் பக்கத்தில் ஆறு பேர் முகம் பார்த்து உட்கார்ந்து பேசி, பழகி, அப்புறம் பலகையைத் தூக்குகிறார்கள். சைடில் அந்தப் பேச்சுக்கே வழியில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

படுத்த பிறகு அப்பாவின் நினைவு வந்தது. மூன்றாம் வகுப்பு இருந்த காலத்தில் வெறும் மரப்பலகை. அப்பா ஹோல்டாலைப் பிரித்து, பவானி ஜமுக்காளத்தை விரித்து, காற்றடைத்த தலையணையை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் இரண்டு பலகைக்கும் நடுவே தரையில் செய்தித்தாள் போட்டுப் படுப்பார். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது. ஆனாலும் மரம் மரமாகவே இருந்தது. 1977-ல் ரயில்வே மந்திரியாக வந்த மது தண்டவதேதான் இரண்டாம் வகுப்புப் பலகைகளுக்கு இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் போடச் சொன்னவர். இரண்டே அங்குலம்! அந்த மெத்தையில் நாம் முதன்முதலாக ஏறிய அன்று நீ கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். “எங்க அம்மாவை ஒரு தடவை இதுல கூட்டிட்டுப் போகணும்டா” என்றாய். கூட்டிக்கொண்டு போனாயா என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

இந்தப் பெட்டிகள் பிறந்தது நம் பெரம்பூரில் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்துக்காரர்கள் கொடுத்த வடிவமைப்பில் தொடங்கி, 2018 ஜனவரி வரை அந்த நீலப் பெட்டிகளைச் செய்தது. இப்போது வரும் எல்.எச்.பி. என்கிற புது வகைப் பெட்டி கொஞ்சம் நீளம். ஸ்லீப்பரில் 80 பேர் படுக்கலாம். ஆட்டம் குறைவு, பாதுகாப்பும் கூடுதல். ஏ.சி. மூன்றடுக்கில் 72 பேருக்கு இருந்த இடத்தில், எகானமி என்று ஒன்று கொண்டுவந்து 83 படுக்கை வைத்தார்கள். அதில் நான் இன்னும் போகவில்லை.

என் மகன் இப்போதெல்லாம் வந்தே பாரத்தில்தான் வருகிறான். காலையில் நெல்லையில் ஏறினால் மதியம் சென்னையில் இறங்கிவிடுகிறான். “அப்பா, எட்டு மணி நேரத்துல போற ஊருக்கு எதுக்கு ஒரு ராத்திரியைச் செலவு பண்றீங்க?” என்கிறான். அவன் சொல்வதும் சரிதான், வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது சௌகரியம். ஆனால் அந்த வண்டியில் இருக்கை கடைசிவரை இருக்கைதான். பக்கத்தில் இருப்பவரிடம் எதையும் கேட்க வேண்டிய தேவையே வராது. எனக்கு ராத்திரி வண்டிதான் வேண்டும். பகல் வேலை கெடாமல் போய்ச் சேர முடியாத எத்தனையோ பேருக்கும் அதுதான் வேண்டும். நாங்குநேரிக்காரர் சென்னையில் ஆறு மணிவரை வேலை பார்த்துவிட்டு நேரே எழும்பூர் வந்ததாகச் சொன்னார்.

விடியற்காலை கோவில்பட்டியில் அந்த அம்மா இறங்கும்போது எங்கள் பகுதிக்கு வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் தூக்கம். நான் மட்டும் விழித்திருந்தேன். குழந்தையின் காலை ஒரு முறை தொட்டுவிட்டு, என்னிடம் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் என் வீட்டுக்காரி விழித்ததும் நான் இறங்கி, அந்தப் பையனோடு சேர்ந்து பலகையை மெதுவாகக் கீழே விட்டேன். அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை நீட்டி, ஜன்னல் வழியாக வெளிச்சம் வருவதைப் பார்த்தாள். மிடில் பலகை மறுபடி சாய்மானம் ஆகிவிட்டது.

டிசம்பரில் ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். எந்தத் தேதி என்று உடனே சொல். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு போல நாலு மாதம் கிடையாது. திறந்த அன்று காலையிலேயே உட்கார்ந்து போட்டால்தான் உண்டு. மூன்று பேருக்கும் ஒரே பகுதியில் கேட்டுப் பார்க்கிறேன். உன் கண்ணுக்கும் அவள் காலுக்கும் லோயர். மிடில் எனக்கு இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்