பழைய மீன் தொட்டி கழுவுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்,

மூணாம் கிளாஸுக்கு ஒரு அப்பா அவங்க வீட்ல சும்மா கெடந்த ரெண்டடி மீன் தொட்டியைக் குடுத்திருக்காரு, அது வந்த நாள்லேர்ந்து பசங்க வீட்டுக்கு வந்து எங்களுக்கும் தொட்டி வேணும்னு ஒரே நச்சரிப்புன்னு உங்கள்ல நெறைய பேர் சொல்றீங்க. சில பேர் கொளத்தூர் போய் மீனெல்லாம் பாத்துட்டே வந்துட்டீங்க, சில பேர் யாரோ யூஸ் பண்ண பழைய தொட்டியை வாங்கியும் வச்சிட்டீங்க. சந்தோஷம்தான். ஆனா போன வாரம் ஒண்ணு நடந்துச்சு, அதுக்காகத்தான் இந்த லெட்டரே.

நம்ம அஞ்சாம் கிளாஸ் பையன் ஒருத்தன், பெரியவங்க வேலைக்குப் போன நேரத்துல, பாத்ரூம் கதவை சாத்திக்கிட்டு தொட்டியில ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சிருக்கான், வெள்ளைக் கறை போகலன்னு டாய்லெட் கழுவுற ஆசிடையும் மேல ஊத்திட்டான். குப்புன்னு நெடி, கண்ணெரிச்சல், இருமல் நிக்கவே இல்ல. பாட்டி ஓடிப்போய் வெளிய இழுத்துட்டு வந்து உடனே டாக்டர்கிட்ட காட்டினாங்க, இப்ப நல்லா இருக்கான். அந்தம்மா என் ரூம்ல உக்காந்து இதைச் சொல்லும்போதுகூட அவங்க கை நடுங்கிட்டே இருந்துச்சு.

ப்ளீச்சும் ஆசிடும் சேந்தா குளோரின் வாயு வரும். வினிகர் சேந்தாலும் அதேதான், எலுமிச்சம்பழம் சேந்தாலும் அதேதான். அதனால ப்ளீச் போடுறது பெரியவங்க வேலை, பசங்க கைல குடுக்கவே குடுக்காதீங்க.

அந்த வெள்ளைக் கறை போர் தண்ணியோட உப்புதான். வினிகர்ல துணியை நனைச்சு கறை மேல ஒரு மணி நேரம் ஒட்டி வச்சிட்டு பழைய ஏடிஎம் கார்டால சுரண்டினா உதிர்ந்து வந்துடும், கம்பி நார் வேணாம், கண்ணாடி கீறும். அப்புறம் நல்லா அலசிட்டு, ப்ளீச் வேலையை மறுநாள் வச்சுக்கோங்க. அழுக்கு, பாசி எல்லாம் தேய்ச்சு எடுத்தப்புறம்தான் ப்ளீச், ஏன்னா அழுக்கு இருந்தா அதுலயே ப்ளீச்சோட சக்தி போயிடும். சோப்பு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் எதுவும் கிட்டயே கொண்டு போகாதீங்க, கொஞ்சம் தங்கினாலும் மீனுக்கு ஆகாது.

வாசனையோ சோப்போ சேக்காத சாதா ப்ளீச் லிக்விட், 10 லிட்டர் தண்ணிக்கு அரை லிட்டர், பச்சைத் தண்ணியிலதான் (கொதிக்கிற தண்ணி ஊத்தினா கண்ணாடி விரிசல் விட்டுடும்). மொட்டை மாடியிலயோ பால்கனியிலயோ நிழலா காத்து வர்ற எடத்துல வச்சு, கைல கிளவுஸ் போட்டு, உள்பக்கம் முழுக்கத் தடவி 10, 15 நிமிஷம் ஈரமாவே வச்சிருந்தா போதும். கைல வெட்டுக்காயம் இருக்கவங்க இதுல எறங்காதீங்க, மீன் தொட்டியில இருக்கிற ஒரு வகை கிருமி காயம் வழியா தோல்ல புண்ணு உண்டாக்கும், ஆற மாசக் கணக்காகும். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சு, மரக்கட்டை இதெல்லாம் ப்ளீச்சை உறிஞ்சி வச்சுக்கும், தூக்கிப் போட்டுடுங்க.

அலசுறதுலதான் எல்லாரும் அவசரப்படுறீங்க. நாலஞ்சு தடவை அலசுங்க, மூலையில சிலிக்கான் ஒட்டியிருக்க எடத்துல விரலை விட்டுத் தேய்ங்க, அப்புறம் தொட்டி நெறைய தண்ணி புடிச்சு மீன் கடையில விக்கிற ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைக் கொஞ்சம் தாராளமாவே விட்டு ஒரு மணி நேரம் வச்சுக் கொட்டுங்க. கொட்டுற தண்ணி துளசிக்கு வேணாம், சாக்கடைக்கே போகட்டும். அப்புறம் ஒரு நாள் முழுசாக் காயணும். கழுவினவங்க மூக்குக்கு நெடி பழகிப் போயிருக்கும், அதனால அங்க இல்லாத ஒருத்தரைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க, லேசா வாடை வந்தாலும் மறுபடி அலசணும். காயட்டும்னு மாடியிலயே மறந்துடாதீங்க, ஒரு மழை பெஞ்சா ஒரு வாரம் பத்து நாள்ல டெங்கு கொசு வந்துடும்.

ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டினா சுமார் 56 லிட்டர் புடிக்கும், அப்ப தண்ணி மட்டுமே 56 கிலோ. ரொப்பின தொட்டியைத் தூக்கவோ நகத்தவோ கூடாது, அடியில தெர்மாகோல் ஷீட் போட்டு எங்க வைக்கணுமோ அங்க வச்சிட்டுத்தான் தண்ணி விடணும்.

மீனை அன்னைக்கே விட்டுடாதீங்க. மெட்ரோ தண்ணியிலயும் லாரி தண்ணியிலயும் குளோரின் இருக்கும், அதுக்கும் சொட்டு மருந்து போடணும். ப்ளீச்ல கெட்ட கிருமியோட நல்ல கிருமியும் செத்துருக்கும், மீனோட கழிவுல வர்ற அம்மோனியா மீனுக்கே விஷம், அதை விஷம் கொறஞ்சதா மாத்துறது அந்த நல்ல கிருமிதான், அது திரும்ப வளர நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். பசங்க தெனமும் எப்ப மீனு எப்ப மீனுன்னு என்னையும் கேக்குறாங்க, அவங்க முகத்தைப் பாத்து இன்னும் நாளாகும்னு சொல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, நீங்களும் வீட்ல அதையே சொல்லுங்க.

கிளாஸ் தொட்டியை வர்ற சனிக்கிழமை காலையில 9 மணிக்கு ஸ்கூல் மாடியில நானும் ஆயாம்மாவும் கழுவுறோம். பாத்துக் கத்துக்கணும்னு நெனைக்கிறவங்க வாங்க, தொட்டியைக் கீழ எறக்க ரெண்டு பேர் வேணும். பழைய துணி போட்டுட்டு வாங்க, ப்ளீச் பட்டா கலர் போயிடும். பசங்களை அன்னைக்குக் கூட்டிட்டு வர வேணாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை