ரத்தம் தந்தவர்களுக்கும், அதைக் கெடாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் துறைத் தலைவர் இந்த மாதம் பணி ஓய்வு பெறுகிறார். சர்க்கரை நோயின் மரபணுக்களில் தொடங்கி, புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுத் தொகுதிக்குப் போய், கடைசியில் இரண்டையும் சேர்த்தே பார்த்த பணிக்காலம் அவருடையது. கட்டுரைகளில் பெயர் வந்தவர்களுக்கு மேடையில் நன்றி சொல்லிவிடுவார்கள். பெயர் வராதவர்களுக்கு, அவர்கள் செய்த காரியம் இன்னதென்று எடுத்துச் சொல்லி நன்றி கூற வேண்டும் என்பது அவர் விருப்பம். எங்கள் விருப்பமும் அதுவே.

சர்க்கரைப் பரிசோதனைக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தவர்களே, முதல் வணக்கம் உங்களுக்கு. இரவு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் பட்டினி. வந்ததும் ஒருமுறை ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் மடக்கிலிருந்து 2 மணி நேரம் கணக்கு, அது முடிந்ததும் மறுபடி ரத்தம். அதுவரை டீ கிடையாது, பீடி கிடையாது, வெளியே நடந்துவிட்டு வருவதும் கிடையாது. நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அளவு குறைந்து காட்டும். பாதி நாள் கூலியை விட்டுவிட்டு அந்த 2 மணி நேரமும் பெஞ்சில் அமர்ந்திருந்தீர்கள். சென்னையில் 26,001 பேரைச் சேர்த்து நடந்த 'கியூர்ஸ்' ஆய்வு இப்படிப்பட்ட பொறுமையின் மேல்தான் நின்றது. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் சர்க்கரை நோயோடு தொடர்புபடுத்திய டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவின் மாற்றங்கள் நம் மக்களிடமும் அதே நோயோடு சேர்ந்தே வருகின்றன என்று 2007இல் காட்ட முடிந்தது அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் தந்த ரத்தத்தால்தான்.

குளுக்கோஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படித்த லேப் டெக்னீஷியன்களே, உங்களுக்கும் நன்றி. 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸின் கணக்கு. கடையில் கிடைப்பது நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம் போட வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் அன்று வந்த அத்தனை பேருக்கும் 2 மணி நேர அளவு சற்றுக் குறைந்தே வரும், யாருக்கும் சந்தேகமும் வராது.

சர்க்கரை அளவுக்காக ரத்தம் பிடிக்கும் சாம்பல் மூடிக் குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஃபுளோரைடு இருக்கிறது, சர்க்கரை அப்படியே இருக்கும் என்று பலர் நம்பி மேஜைமேல் வைத்துவிடுகிறார்கள். ரத்த அணுக்கள் சர்க்கரையை உடைக்கும் வழியில் கடைசிப் படிகளில் ஒன்றைத்தான் ஃபுளோரைடு அடைக்கிறது. அதற்கு முந்தைய படிகள் ஓடிக்கொண்டே இருப்பதால், அளவு நிலைபெற 1 முதல் 2 மணி நேரம் ஆகும். அதற்குள் 100க்கு 5 முதல் 7 வரை குறையலாம். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு 122 என்று வரும். எல்லைக்கோடு 126, சர்க்கரை நோய் உள்ளவர் இல்லாதவர் பட்டியலுக்குப் போய்விடுவார். அப்படிப் பட்டியல் மாறியவர்கள் பெருகினால், எந்த மரபணு மாற்றம் யாரிடம் அதிகம் என்ற கணக்கே மங்கிவிடும். வெயில் கொளுத்தும் முகாம்களில் ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் குழாய்களைச் செருகி, அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தவர்களே, உங்களால்தான் அந்தக் கணக்கு தெளிவாக வந்தது.

அறுவை அரங்கு ஊழியர்களுக்கும் நோயியல் துறையினருக்கும் நாங்கள் பட்ட கடன் இதைவிடப் பெரிது. கட்டியை வெட்டி எடுத்ததும் அதற்கு ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அது கெடத் தொடங்குகிறது. எடுத்த நேரத்தையும், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்ட நேரத்தையும் தாளில் எழுதினீர்கள். இடைவெளி 1 மணி நேரத்தைத் தாண்ட விடவில்லை. திசுவைப் போல் 10 மடங்கு ஃபார்மலின் ஊற்றினீர்கள். முழு மார்பகத்தை அப்படியே வாளியில் முக்கி வைத்தால், மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வேகத்தில் நுழையும் திரவம் நடுப்பகுதியை அடைவதற்குள் உள்ளே அழுகிவிடும். அதனால்தான் 5 மி.மீ. கனத்துக்கு வகுந்து, இடையில் துணியோ காகிதமோ வைத்து ஊறப்போடச் சொல்கிறோம். ஊறுவது 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. சனிக்கிழமை மாலை அறுவை, திங்கள் அரசு விடுமுறை என்றால் அந்த 72 மணி நேரம் ஓடிப்போவது தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் வந்து திசுவை வெளியே எடுத்து மெழுகுக் கட்டை போட்ட டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். ஃபார்மலினில் அதிகம் கிடந்த டி.என்.ஏ. துண்டு துண்டாகும், அதன் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தைக் கருவி தைமின் என்று படிக்கும். புற்றுநோயில் இயல்பாகவே அதிகம் வரும் மாற்றமும் அதுவே என்பதால், எது நோய், எது ஃபார்மலின் என்று பிரிப்பது பெரும்பாடு. நொதி கொண்டு ஓரளவு சரிசெய்யலாம், முழுதாக முடியாது.

கண்ணாடிச் சில்லில் புற்றணுக்கள் நிறைந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்த நோயியல் மருத்துவர்களை மறக்க முடியாது. சீவிய திசுவில் 100 அணுக்களில் 20 மட்டுமே புற்றணுக்கள் என்றால், மரபணுவின் 2 பிரதிகளில் ஒன்றில் மட்டும் ஏற்பட்ட மாற்றம், கருவி டி.என்.ஏ.வைப் படிக்கும் வாசிப்புகளில் 10 விழுக்காட்டில்தான் தெரியும். ஓரிடத்தை 30 முறை படித்தால் 3 வாசிப்பு. அது கருவியின் பிழையா மாற்றமா என்று சொல்ல முடியாது. 200 முறை படித்தால் 20. நீங்கள் வட்டமிட்ட பகுதியை மட்டும் சுரண்டி எடுத்ததால், அதே செலவில் தெளிவான விடை கிடைத்தது.

"கட்டிதான் கொடுத்துவிட்டோமே, ரத்தம் எதற்கு?" என்று கேட்டும், கேட்காமலும், இரண்டாவதாக ஊதா மூடிக் குழாயில் ரத்தம் தந்த நோயாளிகளுக்கு உளமார்ந்த நன்றி. ஒவ்வொருவரின் டி.என்.ஏ.யும் ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் மேற்கோள் வரிசையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறது. உங்கள் ரத்தம் பக்கத்தில் இருந்தால்தான் பிறவியிலேயே இருந்ததைக் கழித்துவிட்டு, கட்டியில் மட்டும் புதிதாக வந்ததைப் பார்க்க முடியும். உலகத் தரவுத்தளங்களில் நம்மவர்கள் குறைவு என்பதால், நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம் அங்கே அரிதாகத் தோன்றி ஏமாற்றும். இந்தியாவில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனாலும் அவரவர் ரத்தத்துக்கு ஈடு கிடையாது. அந்தக் குழாயைப் பெயர் கேட்டு, படுக்கையருகிலேயே லேபிள் ஒட்டி, உறையாதபடி 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்த செவிலியர்களே, பச்சை மூடிக் குழாயைத் தவிர்த்ததற்கும் நன்றி. அதிலுள்ள ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆரைக் கெடுக்கும்.

சர்க்கரை நோய், புற்றுநோய் என்ற இரு துறைகளும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வேலை செய்த புற்றுநோய் வார்டு செவிலியர்களுக்கு இனி. ஹார்மோன் ஏற்பி உள்ள முற்றிய மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் பி.ஐ.கே.3.சி.ஏ. மரபணு மாறியிருக்கிறது. அதற்கான ஆல்பெலிசிப் மாத்திரைக்கு 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த மரபணு தரும் புரதம்தான் இன்சுலினின் செய்தியையும் செல்லுக்குள் கடத்துகிறது. கட்டியில் அதை அடைத்தால் கல்லீரலிலும் தசையிலும் அடைபடும், சர்க்கரை ஏறும். மருந்தின் முதன்மை ஆய்விலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் வெறும் வயிற்றில் 250ஐத் தாண்டியது, பெரும்பாலும் முதல் 2 வாரங்களை ஒட்டி. அந்த நாட்களில் வாரம் ஒருமுறையாவது வெறும் வயிற்று அளவைப் பார்த்து எழுதிவைத்தீர்கள். சில மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்குக் குறைத்துக் காட்டலாம், இரும்புச்சத்து குறைந்தவருக்குக் கூட்டிக் காட்டலாம் என்பதை நினைவில் வைத்து, நேரடி அளவையே நம்பினீர்கள். இன்சுலினைக் கடைசிக்குத் தள்ளி, மெட்ஃபார்மின் மாத்திரையில் தொடங்குவதன் காரணமும் உங்களுக்குத் தெரியும்: மருந்து அடைத்த பாதையை ஏறிய இன்சுலினே மறுபடி திறந்துவிடுகிறது என்று 2018இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை கொடுத்தபோது, சர்க்கரை அளவு அதிகமில்லாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறக்கூடும் என்று வாந்தியையும் மூச்சிரைப்பையும் விசாரித்ததற்குத் தனி நன்றி.

6 மாதம் நிறைவதற்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். குழந்தையின் ரத்தத்தோடு உங்கள் இருவர் ரத்தத்தையும் கொடுத்தீர்கள். மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததா, குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதா என்று அதில்தான் தெரியும்; அடுத்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதும் அதைப் பொறுத்தது. கே.சி.என்.ஜே.11 மரபணுவின் மாற்றம் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று 2004இல் கண்டார்கள். 2006இல் வெளியான ஆய்வில் அந்த மாற்றம் உள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாற முடிந்தது. மரபணு ஆய்வால் ஊசியே நின்றுபோகும் அளவுக்குப் பயன் வருவது மிக அரிது. எங்கள் தலைவரை இந்தத் துறையில் கடைசிவரை நிறுத்தியது இந்தக் குழந்தைகள்தான்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, விலகிக்கொள்ள உரிமை உண்டு என்பதை அவசரமில்லாமல் விளக்கிய ஆலோசகர்கள், மாதிரிப் பெட்டிகளை இரவோடிரவாக ஓட்டிவந்த ஓட்டுநர்கள், மரபணுத் தரவை அலசும் பி.டபிள்யூ.ஏ., சாம்டூல்ஸ் போன்ற கணினி நிரல்களை இலவசமாகத் தந்த முகம் தெரியாத நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி.

மாதிரி தந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் மீதமிருக்கிறது. உங்களில் சிலருடைய அறிக்கையில் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று எழுதியிருக்கும். அதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளவோ, மருந்தை நிறுத்தவோ வேண்டாம். தரவு கூடக்கூட மாற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. சில நோய்க்குக் காரணம் என்றும் உறுதியாகின்றன. அப்படி மாறினால் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் சொல்ல வேண்டும். கைபேசி எண் மாறியிருந்தால், மாதிரி கொடுத்த மருத்துவமனையில் சொல்லிப் புது எண்ணைப் பதிந்துவையுங்கள். அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்