எல்லாரும் ‘பதில்’, பதில் சொல்லத்தான் ஆளில்லை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் பத்திரிகையில் வைத்தியசாலைகளைப் பற்றி வருகிற கடிதங்களை ஒன்றும் விடாமல் வாசித்து வருகிறேன். மருந்து இல்லை, டொக்டர் இல்லை, தாதிமார் எரிந்து விழுகிறார்கள், விடிய ஆறு மணிக்குக் கிளினிக்குக்குப் போனால் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வீடு வரலாம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவராவது “சரி, இந்த இடத்தை நடத்துகிற ஆள் யார்?” என்று கேட்டு எழுதியதை நான் காணவில்லை.

1989 இல் இலிகிதராகச் சேர்ந்து 31 வருடம் வைத்தியசாலை அலுவலகங்களிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு நோயும் தெரியாது மருந்தும் தெரியாது. ஒரு பைல் ஏன் நகராமல் கிடக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

போன மாதம் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓர் அரச வைத்தியசாலைக்குப் போனேன். எந்த வைத்தியசாலை என்று எழுதமாட்டேன், எழுதினால் அங்கே இருக்கிற பாவப்பட்ட ஒருவருக்குத்தான் விளக்கக் கடிதம் போகும். காத்திருக்கிற மண்டபத்தில் ஒரு தண்ணீர் வடிகட்டி. அதன் நெற்றியில் ஒரு தாள், ‘பழுது’ என்று நீலப் பேனையால் எழுதி ஒட்டியிருந்தது. நீலம் வெளிறி ஊதாவாகி, ஊதாவும் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு நாள். பக்கத்தில் ஒரு அம்மா மருந்துப் பையிலிருந்து போத்தலை எடுத்துத் தன் கணவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் இன்னும் இருக்கிறார், அவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். “ஐயா, உங்களுக்குத் தெரியாததே? சேர் இப்ப பதில் கடமை தானே, கையெழுத்து வைக்கப் பயப்பிடுறார்” என்றார்.

எனக்குத் தெரியும்தான். அலுவலகம் காணாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ‘பதில் கடமை’ என்றால் நிரந்தர ஆள் வரும்வரை அந்தக் கதிரையில் தற்காலிகமாக இருப்பது. ஒரு வடிகட்டியைத் திருத்தக்கூட விலைக்கோரல் எடுக்க வேண்டும், அரசாங்கச் செலவுகளுக்கான நிதிப் பிரமாணத்தின்படி ஒப்புதல் வேண்டும், பிறகு வவுச்சர். இதில் கையெழுத்து வைத்தவரைத் தேடிக்கொண்டு இரண்டு மூன்று வருடம் கழித்துக் கணக்காய்வு வினா வரும், அதற்கு அவர் எங்கே மாற்றலாகிப் போயிருந்தாலும் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். வைத்தியசாலையை நடத்த நிரந்தரமாக நியமிக்கப்பட்ட அத்தியட்சகர் என்றால், நாலு வருடம் அந்த வடிகட்டியின் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று கையெழுத்து வைத்துவிடுவார். பதில் கடமைக்கு வந்தவர் என்ன நினைப்பார்? நானோ மூன்று மாதத்தில் போகிற ஆள், புது ஆள் வந்து பார்க்கட்டும். புது ஆளும் ‘பதில்’ என்றுதான் வருவார். அவருக்குப் பிறகு வருகிறவரும் அப்படித்தான். இந்த ‘பதில்’ என்ற சொல்லை வைத்தவர் யாரோ தெரியாது, நல்ல பகிடிக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

நல்ல நிருவாகம் என்று நான் கண்ணால் கண்டது 90களின் முதற்பாதியில். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் பொன் மாதிரி. நான் இருந்த இடத்தின் டொக்டர் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒற்றைறூள் கொப்பி ஒன்றோடு ஸ்டோர்ஸ் வாசலில் வந்து நிற்பார். தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிக்கு இவ்வளவு, பிரசவ விடுதி விளக்குக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சைக் கூடத்து ஜெனறேற்றருக்கு இவ்வளவு என்று தானே அளந்து ஊற்றுவித்து, மிச்சத்தை எழுதி, அதன் கீழ் தானே கையெழுத்து வைப்பார். விடியற்காலையில் வந்தால் அவர் முதலில் போவது விசேட வைத்திய நிபுணரிடமோ மேற்றனிடமோ இல்லை, சிற்றூழியர்களின் அறைக்கு. அங்கே ஒரு பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டோடு, “ராத்திரி என்ன நடந்தது?” என்று ஒரு கேள்வி. எந்த விடுதியில் எந்தக் கட்டில் கால் ஆடுகிறது, யார் கடமைக்கு வராமல் கையெழுத்து மட்டும் வைத்தது, எல்லாம் எட்டு மணிக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் ஒரு மகான் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வாய். தனக்குப் பிடித்தவர்களுக்கு லீவு கொடுப்பார், பிடிக்காதவர்களை இரவுக் கடமையிலேயே போட்டு வதைப்பார், நானும் அதில் பட்டவன். ஆனால் ஏதாவது பிழை நடந்தால் “நான்தான் பொறுப்பு, என்னைக் கேளுங்கோ” என்று முன்னுக்கு வந்து நிற்பார். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் மருந்துப் பதிவேடுகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போனபோதும் பதிவேடு பத்திரம் என்றுதான் கத்திக்கொண்டு வந்தார்.

அவர் நிருவாகம் படித்தவர் இல்லை. இப்போது படித்தவர்கள் இருக்கிறார்கள், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவ நிருவாகத்துக்கென்றே முதுமாணிப் படிப்பு இருக்கிறது. ஆக, படிப்பில் குறை இல்லை. படித்து வந்தவரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து சுகாதாரம் மாகாணத்துக்குப் போனது என்கிறோம். போனது பாதி. எங்கள் பெரியாஸ்பத்திரி, அதுதான் யாழ். போதனா வைத்தியசாலை, கொழும்பு அமைச்சின் கீழ். தெல்லிப்பழை, சாவகச்சேரி, மந்திகை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். ஆனால் மாகாண வைத்தியசாலையில் வேலை செய்கிற டொக்டரின் நியமனமும் இடமாற்றமும் கொழும்பில். மருந்தும் பெரும்பாலும் கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்துதான் இறங்கி வரவேண்டும். கட்டடம் மாகாணத்தின் காசு. ஸ்கான் இயந்திரம் வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவரின் காசு. இத்தனைக்கும் நடுவில் ஓர் அத்தியட்சகரை இருத்தி நடத்து என்றால், கையையும் காலையும் கட்டிப்போட்டு நீந்து என்கிற கதைதான். மாகாணத்திலாவது மக்கள் தெரிவு செய்த ஒரு சுகாதார அமைச்சர் இருந்தால் போய்க் கேட்கலாம். வடக்கு மாகாண சபை 2013 செப்ரெம்பரில் தெரிவானது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து கலைந்தது, அதோடு சரி. பிறகு ஆளுநர், செயலாளர், பணிப்பாளர். ஆளுநரை நியமிப்பது சனாதிபதி. அவரிடம் போய் நாங்கள் எந்த உரிமையில் கேட்பது? அந்தக் கதிரையும் ஒரு வகையில் ‘பதில்’ கதிரைதான் என்று எனக்குப் படுகிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு முன்னால் போய் நிற்கட்டும். பருத்தித்துறையிலிருந்தும் காரைநகரிலிருந்தும் சாதாரணக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் பஸ் ஏறி வருகிறார்கள். பக்கத்து வைத்தியசாலையில் டொக்டர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. இந்த நாட்டில் எங்கே காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, யாரும் எங்கேயும் போகலாம், அது நல்லதுதான். ஆனால் சனம் ஏன் பக்கத்தில் இருப்பதைத் தாண்டிப் போகிறது? “அங்க போனா ஆர் இருப்பினமோ தெரியாது” என்பதுதான் காரணம். அந்த நம்பிக்கையைக் கட்டுவது நிருவாகத்தின் வேலை. நெடுந்தீவு ஆட்களுக்கு அந்தத் தெரிவும் இல்லை, அவசரமென்றால் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வாகனம். அந்தப் பயணம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் யார், அவருக்கு அந்தத் துணிவு இருக்கிறதா என்பதில் உயிர் தொங்குகிறது.

2024 யூலையில் சாவகச்சேரியில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது. வைத்தியசாலைக் குறைகளை வெளியில் உரக்கச் சொன்ன ஒரு பதில் அத்தியட்சகருக்காகச் சனம் றோட்டுக்கு வந்தது, முகநூலில் நேரலை ஓடியது, வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி. அந்த வருடம் நவம்பரிலேயே அவர் நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டார். அவர் செய்தது சரியா பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, என் வீட்டிலேயே அதற்கு இரண்டு தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரு ஆள் வந்து உரக்கப் பேசியவுடன் இவ்வளவு சனம் ஓடி வந்ததென்றால், பொறுப்பெடுத்துப் பேசுகிற ஒரு குரலுக்கு எவ்வளவு காலமாகக் காத்திருந்திருக்கிறது என்று பாருங்கள். கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கதிரைக்கு நிரந்தர நியமனம் எப்படி வரவேண்டும், எத்தனை நாளைக்குள் வரவேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எல்லாரும் ஆளைப் பற்றித்தான் சண்டை பிடித்தோம்.

லண்டனில் தாதியாக இருக்கிற என் மகளோடு இதைப் பற்றித் தொலைபேசியில் கதைத்தபோது, “அப்பா, இங்க மட்டும் என்ன வாழுது” என்றாள். 1983 இல் தட்சர் அம்மையாரின் அரசாங்கம் சுப்பர்மார்க்கெற் நடத்திய றோய் கிரிஃபித்ஸ் என்பவரைக் கொண்டு அங்குள்ள பொதுச் சுகாதார சேவையை ஆராய்வித்ததாம். புளோரன்ஸ் நைற்றிங்கேல் இன்று விளக்கோடு வந்தால் பொறுப்பாளர் எங்கே என்றுதான் தேடித் திரிவார் என்ற கருத்தில் அவர் எழுதிக் கொடுத்தாராம். அதன் பிறகு பொது முகாமையாளர்கள் வந்தார்கள். வந்து? 2013 இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை அங்குள்ள ஸ்ரபர்ட் வைத்தியசாலையைப் பற்றியது. நிருவாக சபை கணக்கையும் இலக்குகளையும் பார்த்துக்கொண்டிருக்க, விடுதிகளில் நோயாளர் கவனிப்பாரின்றிக் கிடந்த கதை. ஆகவே கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளரைக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. விடுதிக்குள் நடந்து போகிற ஆள் வேண்டும், அவர் கையில் கொஞ்சம் அதிகாரம் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கிற அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு முதியவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது அழைத்தோம், தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிட்டார்கள். அழைப்பை எடுத்தவர் ஒருவர், அனுப்பியவர் ஒருவர், எல்லாம் ஒரு கட்டுப்பாட்டு அறையில். வைத்தியசாலை வாசலுக்குப் போனோம், இறக்கத் தள்ளுவண்டி இல்லை. இருந்த ஒன்றில் பழைய பேப்பர் கட்டுகள் ஏற்றியிருந்தன. அம்புலன்ஸ் வந்த நேரத்தைவிட அந்தத் தள்ளுவண்டியைக் காலியாக்க எடுத்த நேரம் கூட. இதை யாரிடம் முறையிட? காவலாளி மேலே கை காட்டினார், மேலே இருந்தவர் கொழும்பைக் காட்டினார்.

அத்தியட்சகர்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சிற்றூழியரை இடம் மாற்றினால் அரசியல்வாதியிடமிருந்து போன் வரும், ஒரு டொக்டரைக் கேள்வி கேட்டால் சங்கம் வரும், இரண்டும் சேர்ந்து வந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று அத்தியட்சகர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார், அவரும் என்ன செய்வார்.

நாங்களும் சும்மா இல்லை. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் அபிவிருத்திச் சங்கமோ நலன்புரிச் சங்கமோ இருக்கிறது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வரும், இயந்திரம் வந்து இறங்குகிற அன்று றிபன் வெட்ட முப்பது பேர், படம் உங்கள் பத்திரிகையிலும் வரும். ஆறு மாதம் கழித்து அதே இயந்திரம் பழைய போர்வையால் மூடிக் கிடக்கும், இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். அதைக் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். இதே யாழ்ப்பாணத்தில்தான் மூளாயில் 1930களில் ஊர்ச்சனம் கூட்டுறவு முறையில் தாங்களே ஒரு வைத்தியசாலையைக் கட்டி நடத்தியது, கணக்குக் கேட்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள்.

என் வேண்டுகோள் பெரிதில்லை. ஒவ்வொரு வைத்தியசாலை வாசலிலும் ஒரு பலகை: பொறுப்பாக இருப்பவரின் பெயர், எந்தத் திகதியிலிருந்து, நிரந்தரமா பதிலா, பொதுமக்களை எத்தனை மணிக்குச் சந்திப்பார். மூன்று மாதத்துக்கு மேல் ‘பதில்’ என்று இருந்தால் ஏன் என்று அமைச்சு எழுத்தில் சொல்லவேண்டும், அதை நீங்கள் முதற்பக்கத்தில் போடவேண்டும். சின்னத் திருத்த வேலைகளுக்கு வெளியில் கடிதம் எழுதாமல் செலவழிக்க ஒரு தொகையை அவர் கையில் கொடுக்கவேண்டும். கணக்காய்வு வரட்டும், வரத்தானே வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி கிளினிக். வடிகட்டியில் இருந்த பழைய தாள் கழன்று விழுந்துவிட்டதாம். புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறார்கள், இந்தமுறை கையால் எழுதவில்லை, ‘பழுது’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, மேலே பளபளவென்று லமினேற் பண்ணி. லமினேற் பண்ணிய காசுக்கு யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர்,
கொக்குவில்.