கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஆயக்கட்டு விவசாயப் பெருமக்களுக்கும் பணிவான வணக்கம்.

இவ்வாண்டு நடைபெற்ற கூட்டங்களின் தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட சீமைக் கருவை அகற்றும் பணியைப் பற்றியே இவ்வறிக்கை பேசுகிறது.

கடந்த வைகாசியில் கண்மாயின் நீர் தேங்கும் உட்பகுதியான உள்வாயில் மண்டியிருந்த மரங்களைத் தரையோடு அறுத்தோம். மழைக்கு முன்பே ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கிளைகள் வெடித்து நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டிவிட்டதால், கண்மாய் பெருகி நின்ற மாதங்களிலும் அவை அழுகவில்லை. அறுப்புக் கூலி வீணாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெக்சிகோ முதல் பெரு வரையிலான வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், 1870களின் இறுதியில் விறகுத் தேவைக்காக ஜமைக்காவிலிருந்து விதையாகத் தருவிக்கப்பட்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. தாயகத்தில் இதன் நெற்றுக்குள் முட்டையிட்டு விதையை அழிக்கும் வண்டினங்கள் பல உண்டு. அந்தப் பகையை விட்டு வந்த மரத்துக்கு இங்கே வெள்ளாடும் செம்மறியும் துணையாயின. இனிப்பான நெற்றைத் தின்னும் ஆட்டின் வயிற்றில் விதையின் கடினத் தோல் இளகுவதால், புழுக்கையோடு விழும் விதை எளிதில் முளைக்கிறது. நாம் உரத்துக்காக ஆடுகளை இரவில் அடைத்துப் போடும் கிடையே அதற்கு நாற்றங்காலாகிவிடுகிறது. அரிசோனாவில் டூசான் அருகே இதன் நெருங்கிய உறவான மரமொன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாகப் பதிவுண்டு. நம் உள்வாயில் பொக்லைன் கொண்டு தோண்டியபோதோ, வேர்கள் பக்கவாட்டில் ஓடிக் கிடந்ததையே கண்டோம். பாலைவன மரம் என்று நாம் எண்ணியிருந்தது, ஆண்டில் சில மாதம் நீரில் நிற்கும் நாட்டுக் கருவையின் இடத்தையும் பிடித்துக்கொண்டுள்ளது.

நமது அரிவாளும் இதில் சேர்த்தி. கரிமூட்டத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படும் தூர் ஒவ்வொரு முறையும் கூடுதல் கிளைகளோடு எழுகிறது. மூட்டத்தை நம்பிப் பிழைக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே இருப்பதால் இதைச் சொல்லத் தயக்கமுண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் உலை கொதித்ததும் இம்மரத்தால்தான். ஆகவே பட்டா நிலத்து மரங்களில் சங்கம் தலையிடாது.

தமிழ்நாடு அரசு 2022 இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கெனக் கொள்கை வெளியிட்டுள்ளது. அதன்படி உதவி கோரும் மனு அணியமாக உள்ளது.

வரும் கோடையில் நெற்றுப் பழுக்கும் முன் தூரோடு பெயர்த்தெடுப்பதும், வெறுமையான இடத்தில் உடனே நாட்டுக் கருவை ஊன்றுவதும், நெற்று மேய்ந்த ஆடுகளை ஒரு வாரம் கண்மாய்க்கு வெளியே மேட்டுக் களத்தில் அடைத்த பிறகே கிடைக்கு விடும்படி ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் கேட்டுக்கொள்வதும் செயற்குழுவின் முன்மொழிவுகள். இவற்றைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்